வீட்டுக்குள் ஷூ

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையின் முதல் வசனம் என்னுடையது இல்லை. செங்கல்பட்டில், செயற்கைக் கால் செய்து பொருத்தும் ஓரிடத்தில், என் குதிகால் வலிக்கு ஷூவுக்குள் வைக்கும் மெத்தை வாங்குவதற்காக டோக்கனோடு உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்தது.

"வூட்டுக்குள்ள ஷூ போட்டுகினு நடக்கணுமா? இன்னா சார் பேசுறீங்க, சாமி படம்லாம் கீது அங்க!"

சொன்னவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எதிரே நின்றவர் கால் செய்பவர், பிரவின்குமார். அவர் கையில் ஒரு சின்ன இடது கால். அதில் கறுப்புப் பள்ளிக்கூட ஷூ. அந்தக் காலின் சொந்தக்காரி பக்கத்து பெஞ்சில் இருந்தாள். பதினோரு வயது, நெற்றியில் பிளாஸ்திரி. அம்மாவையும் பார்க்கவில்லை, காலையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன்" என்றாள்.

அப்போதே என்ன சொன்னாள்? அது தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்பாக்கம் பஸ்ஸில் ஏறியதும், என் எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதி மூன்றையும் அடித்தேன். அடித்ததை உங்களிடம் மறைக்கப்போவதில்லை.

[ஒன்று] "அன்று ஜி.எஸ்.டி. சாலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரின் பின்சீட்டில் சிநேகா—"

வேண்டாம். விபத்தை எழுத மாட்டேன். அன்றைக்கு மழைகூட இல்லையாம், நல்ல வெயில். ஒரு லாரி, ஒரு ஸ்கூட்டர், முழங்காலுக்குக் கீழே இடது கால் போயிற்று, ஒரு வருடம் ஆகிறது. இவ்வளவு தெரிந்தால் போதும். இதற்கு மேல் கேட்பவர் வேடிக்கை பார்க்க வந்தவர்.

[இரண்டு] "நான்தான் செயற்கைக் கால் பேசுகிறேன்."

கர்மம். பள்ளிக்கூடத்தில் 'கிழிந்த குடையின் தன்வரலாறு' கட்டுரை எழுதி சோப்பு டப்பா பரிசு வாங்கிய புத்தி, நாற்பத்தெட்டு வயதிலும் போகவில்லை.

[மூன்று] "சிநேகா எப்போதும் சிரித்த முகமாகவே—"

பச்சைப் பொய். கதைகளில் கால் போன பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பெரியவர்களுக்குத் தைரியம் சொல்கின்றன. நான் பார்த்த பிள்ளை கடுகடுவென்று இருந்தது. அதைச் சிரிக்கவைத்தால் எனக்கு வேலை சுலபம், அவ்வளவுதான்.

(பெயர்கள் மட்டும் நான் வைத்தவை. பெண் சிநேகா, அம்மா பூங்கொடி, அப்பா சரவணகுமார். வீடு கருங்குழி. அப்பாவுக்கு மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை, கம்பெனி பஸ்ஸில் போக்குவரத்து.)

3

பத்து நாளில் மறுபடி செங்கல்பட்டு போனேன். மெத்தை பிரயோஜனமில்லை என்று சண்டை போடத்தான் போனேன்.

"வீட்ல போடுறீங்களா மேடம்?" என்று கேட்டார் பிரவின்குமார்.

"வீட்ல எதுக்குப் போடணும்? அது ஷூவுக்குள்ள இருக்கு. ஷூ வாசல்ல இருக்கு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கண்ணால் மூலை பெஞ்சைக் காட்டினார். அங்கே பூங்கொடி, மடியில் ஒரு கட்டைப்பை. ஜவுளிக்கடைப் பை. அதற்குள்ளிருந்து கறுப்பு ஷூ எட்டிப் பார்த்தது.

"அவ வரமாட்டேன்னுட்டா மேடம்," என்றார் பூங்கொடி. "கால மட்டும் இட்டுகினு வந்தேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். இனி வருவதெல்லாம் அந்த பெஞ்சில் கேட்டது.

கால் பொருத்திய அன்று, "பாப்பா எந்த ஷூ போடும்?" என்று கேட்டிருக்கிறார்கள். பூங்கொடி பள்ளிக்கூட ஷூவைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதன் குதி உயரத்துக்குத் தகுந்தபடி பாதத்தைத் திருகி நிறுத்தி, "ஷூவோடதான் நடக்கணும்" என்று சொல்லியும் அனுப்பினார்கள். சரி என்று தலையாட்டினார். வெளியே போகும்போது என்று நினைத்துக்கொண்டார். வேறெப்படி நினைப்பார்? செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருவதை இந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லாமலே எல்லோரும் கழற்றுகிறோம்.*

ஆகவே தினமும் சாயங்காலம் பள்ளிக்கூட ஆட்டோவிலிருந்து சிநேகா இறங்கி, வாசல்வரை நன்றாக நடந்து வருவாள். "கழட்டிட்டு வா கண்ணு" என்பார் பூங்கொடி. கழற்றுவாள். குதியில் ஷூ இல்லாததால் கால் பின்பக்கம் சாயும், அவளையும் சேர்த்துத் தள்ளும். ஹாலில் ஒன்று, சமையலறை வாசலில் ஒன்று என்று விழுவாள். பிறகு காலைக் கழற்றிக் கட்டிலடியில் தள்ளிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் தத்துவாள்.

"இஸ்கூல்ல நடக்கறா, ஆட்டோவாண்ட நடக்கறா, வூட்ல மட்டும் இன்னா கேடு?" இது சரவணகுமார். "எல்லாம் நீ குடுக்குற செல்லம்."

"நான் இன்னா செல்லம் குடுத்தேன்? பெத்த பொண்ணு வுழறா, புடிக்கக்கூடாதா?"

இதே சண்டை ஐந்து மாதம். நடுவில் ஒரு நாள் சிநேகா சொன்னாள்: "நம்ப வூடு மேடா கீதும்மா. ஏறிகினே இருக்குற மாதிரி கீது."

* இதை எழுதும்போது என் காலில் ஷூ இல்லை. வாசலில் இருக்கிறது, மெத்தையோடு.

4

சரவணகுமாரைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த வரி: "அவன் முரடன்." அதை அடித்துவிட்டேன். ஏனென்றால், மகள் சொன்னதைக் கேட்டு அந்த மனுஷன் சிரிக்கவில்லை. அடுத்த தெரு கொத்தனாரிடம் போய் ரசமட்டம் வாங்கிவந்தார். நடுவில் ஒரு கண்ணாடிக் குழாயும், செங்குத்துப் பார்க்க ஓரத்தில் குறுக்காக இன்னொன்றும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குமிழியும் இருக்கும் நீளக் கட்டை. தரை சமமாக இருந்தால் குமிழி நடுவில் நிற்கும். முட்டிபோட்டு ஹால், அறை, சமையலறை என்று ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் குமிழி நடுவிலேயே நின்றது.

"பாரு," என்றார். "தர சமமாதான் கீது. பொய் சொல்லாத சிநேகா."

அவள் வாதாடவில்லை. மறுநாளும் விழுந்தாள். அதற்கடுத்த வாரம் நிலைக்கட்டையில் நெற்றி மோதி ஐந்து தையல். அன்றைக்குக் கழற்றிய காலை அவள் மறுபடி தொடவே இல்லை. பள்ளிக்கூடமும் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் செங்கல்பட்டு, நான் கேட்ட அந்த முதல் வசனம், காரணம் தெரிந்தது, எல்லாம். வீட்டுக்கு வந்து பூங்கொடி மகளிடம் எல்லாம் சொல்லி அழுதிருக்கிறார். மதுராந்தகத்தில் அதே கடையில் அதே ஷூவை வீட்டுக்கென்று புதிதாக வாங்கியும் வைத்துவிட்டார். "தெருவயே மிதிக்காத ஷூ மேடம். சாமிக்கு இன்னா ஆவப்போவுது?" சிநேகா அதையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"கழட்டு கழட்டுன்னு நானே சொல்லி நானே வுழ வெச்சிகிறேன்," என்றார் பூங்கொடி. கட்டைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "காலு சும்மாவே கெடந்தா மிச்ச காலு வீங்கி, இது சேராம பூடும்னு சார் சொல்றாரு. அப்பால மறுபடியும் மொதல்லேர்ந்து அளவெடுக்கணுமாம். இவ ஒத்துக்கவே மாட்டா. எங்க ரெண்டு பேரு மேலயும் அவ்ளோ கோவம்."

கதை எழுதுகிறவள் என்று உளறித் தொலைத்திருந்தேன். "நீங்களே ஒரு வழி சொல்லுங்களேன்" என்றார். என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

[முடிவு அ] அம்மா கட்டிக்கொண்டு அழுகிறார், மகள் உருகுகிறாள். — அழுதாயிற்று. உருகவில்லை.

[முடிவு ஆ] வெறுங்காலோடு நடக்கிறபடி குதிக்கு அடியில் சின்னக் கட்டை ஒட்டித் தருகிறார் பிரவின்குமார். — கேட்டுப் பார்த்தேன். "செய்யலாம் மேடம், ஆனா வழுக்கும். மொதல்ல ஷூவோட பழகட்டும்" என்றார். தவிர, கட்டை பாதத்தைச் சரிசெய்யும். பொய்க்காரி என்று பேர் வாங்கிய பிள்ளைக்கு அது என்ன செய்யும்?

[முடிவு இ] மாமல்லபுரம் கடற்கரை, சாயங்காலச் சூரியன், அலையில் கால் நனைத்தபடி சிநேகா—

சூரியன் அங்கே கடலில் மறையாது, நிலத்துப் பக்கம் மறையும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இதைச் சும்மா சொல்லிப் பார்த்ததற்குப் பூங்கொடி பதறிவிட்டார். "கடலாண்டயா? உப்புத்தண்ணி பட்டா காலு வீணாப்பூடும் மேடம்!"

தோற்றுப்போய், "பாப்பா என்னதான் சொல்றா?" என்று கேட்டேன்.

"அத்த ஏன் கேக்குறீங்க. மொதல்ல நைனாவ அந்த ரசமட்டத்த எத்துகினு வரச்சொல்லு, அப்பால பேசலாம்ன்றா. இவரு இன்னிக்கு ஓவர்டைம், நாளிக்கு ஓவர்டைம்னு ஓடிகினு கீறாரு. பொண்ணு மூஞ்சிய பாக்க பயம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. பதினோரு வயதுப் பிள்ளை தனக்கு வேண்டியதைத் தெளிவாகக் கேட்டிருக்கிறாள். நாங்கள் இரண்டு பெரிய பொம்பளைகள் பெஞ்சில் உட்கார்ந்து வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.

"எடுத்துட்டு வரச் சொல்லுங்க," என்றேன். "ஓடினா ஷிப்டுக்குப் போகவிடாதீங்க."

5

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரைக்குப் பூங்கொடியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. ஐம்பத்திரண்டு விநாடி. கூடவே ஒரு வார்த்தையும் இல்லை.

ஹால் தரை. சரவணகுமார் முட்டிபோட்டிருக்கிறார், முகம் தெரியவில்லை, கைகள்தான் தெரிகின்றன. ஒரு கையில் அந்தக் கால், புது ஷூவோடு நிமிர்ந்து நிற்கிறது. இன்னொரு கை ரசமட்டத்தை நெட்டுக்குத்தலாக பாதத்துக்கு மேலே நிற்கும் கம்பியோடு ஒட்டிப் பிடிக்கிறது. ஓரக் குழாயின் குமிழி நடுவில்.

"இப்ப ஷூவ கழட்டு." சிநேகாவின் குரல்.

கழற்றுகிறார். காலைத் தரையில் வைத்து ரசமட்டத்தை மறுபடி ஒட்டிப் பிடிக்கிறார். குமிழி விறுவிறுவென்று ஓரத்துக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

"மேடுதான்," என்கிறார் சரவணகுமார். "நீ சொன்னது சரி. நான் தரைய பாத்தேன், கால பாக்கல. பொய்னு சொல்லிட்டேன். தப்புடா கண்ணு."

"எவ்ளோ மேடு?"

"நல்ல மேடு."

"அஞ்சு மாசம் ஏறிகினு இருந்தேன் நைனா."

அவர் ரசமட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, சட்டைக்கையால் முகத்தைத் துடைப்பதுபோல் இருந்தது. [இந்த இடத்தில் நானும் நிறுத்தினேன். மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி ஓட்டினேன். இதை அடிக்கப்போவதில்லை.]

"அந்த ஷூவ மாட்டி குடு," என்கிறாள் சிநேகா.

படம் குலுங்குகிறது. கட்டில் விளிம்பு, கவுன் ஓரம், பட்டை ஒட்டும் பர்ர்ரென்ற சத்தம். இரண்டு கறுப்பு ஷூ தரையில் ஊன்றுகின்றன. எதிரே சமையலறை வாசல், அதை ஒட்டி சாமி படங்கள். பூங்கொடியின் கை குறுக்கே நீள்கிறது.

"கைய புடிச்சிக்கோ கண்ணு."

"நீ நவுருமா."

அதோடு வீடியோ முடிந்துவிட்டது.

6

போன் செய்து கேட்கலாம். இரண்டு தடவை நம்பரை எடுத்து வைத்துவிட்டேன். கேட்கப் பயம். "நடந்தா மேடம்" என்று சொன்னால், அந்த நடையை நான் அழகாக எழுத ஆரம்பித்துவிடுவேன். சூரியனைக்கூட இழுத்து வந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஆகவே முடிவு உங்கள் கையில். கட்டிலிலிருந்து சமையலறைக்கு ஒன்பது அடி இருக்கலாம். எத்தனை எட்டு என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அவள் நின்று முறைத்தாலும் சரி, சுவரைத் தொட்டாலும் சரி, ஒரு தடவை விழுந்தாலும் சரி, யார்தான் விழவில்லை? "வீடு இப்போது எப்படி இருக்கிறது" என்று யாராவது கேட்டால் அவளையே சொல்லவிடுங்கள். அவள் சொல்வதை நம்புங்கள்.

என் நிபந்தனை ஒன்றே ஒன்று. தயவுசெய்து வாசலில் நின்றுகொண்டு ஷூவைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

நான் என்னுடையதை உள்ளே எடுத்து வந்து மாட்டிக்கொண்டுதான் இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன்.