எச்சில் படிந்த முகம்

படத்தில் இருந்தவர் சட்டக்காரியின் ஆள்காட்டி விரலைக் கடித்தது கோடைக்காலப் பயிற்சியின் மூன்றாவது வாரத்தில்தான். அதற்கு முன்பு அவர் துப்ப மட்டுமே செய்தார். பட்டறையில் யாரும் பெரிதாகப் பதறவில்லை. ஆசிரியை வந்து முதலில் படத்தைப் பார்த்தார், பிறகு விரலைப் பார்த்தார். கான்வாஸில் ரத்தம் படவில்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பின்னரே கட்டுத்துணியை எடுத்துக் கொடுத்தார். பக்கத்து மேஜையில் பழக்கூடை ஓவியம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற பல் மருத்துவர், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு காயத்தை ஆராய்ந்தார். கடித்தவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் உடைந்திருக்கிறது என்று தெரிவித்துவிட்டுத் தன் பழங்களிடம் திரும்பிப் போனார். சிரித்தது ஒரே ஒரு ஆள்தான். அது சட்டக்காரியின் நாத்தனார்.

சட்டக்காரி வக்கீல் இல்லை. படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தவள். இருந்தும் வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு என்று அவளைத் தேடி வந்தவர்கள் உண்டு. கண்ணாடி வைத்துப் போடவா, வைக்காமல் போடவா என்று அவள் கேட்டதும் முகம் செத்துத் திரும்பிப் போனவர்களும் உண்டு. கடை அவள் புருஷனுடையது. அவர் போன பிறகு பாதி அவளுக்கும் பாதி அவர் தங்கைக்கும் என்றானது. இரண்டு பெண்களும் கதவில் ஆளுக்கொரு பூட்டுப் போட்டார்கள். ஒருத்தி வராமல் இன்னொருத்தி கடை திறக்க முடியாது. உள்ளே போய்விட்டால் சுத்தியல் எங்கே, ஆணி எங்கே என்பதைத் தவிரப் பேச்சு கிடையாது. காரணம் ஊருக்கே தெரியும். அண்ணனுக்கு மூச்சு அடங்கிய பிறகுதான் தங்கைக்குத் தகவல் போனது. அவள் விழுந்தடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரிக்காரர்கள் பெட்டியை மூடி ஆணி அடித்துவிட்டிருந்தார்கள். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு நேரமில்லை என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. தங்கை அதை நம்பவில்லை. நம்பாததை ஒவ்வொரு நாளும் முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

பழைய ஓவியங்களைச் சட்டத்திலிருந்து கழற்றி, கிழிசலை ஒட்டி, அழுக்கை எடுத்துத் தர முடியுமா என்று வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கியிருந்த காலம் அது. கடல் தாண்டி ஒரு கோடைப் பயிற்சி நடக்கிறது, கையாலேயே செய்து பழகலாம் என்ற செய்தி இருவர் காதிலும் விழுந்தது. யார் கற்றுக்கொண்டு வருகிறாளோ கடை அவள் கைக்குப் போய்விடும் என்று இருவருக்குமே புரிந்தது. ஆகவே ஒருத்தியை ஒருத்தி தனியாக விடாமல் இரண்டு பேருமே கிளம்பினார்கள். விமானத்தில் ஒருத்தி முன்வரிசை, ஒருத்தி வால்பகுதி. விடுதியில் விதி ஒரே அறையைக் கொடுத்தது. தரையில் நடுவே காகித நாடா ஒட்டிப் பிரித்துக்கொண்டார்கள். ஜன்னல் சட்டக்காரி பக்கம் விழுந்தது, பிளக் பாயின்ட் நாத்தனார் பக்கம் விழுந்தது. அந்தக் கோடை முழுக்க ஒருத்தி வேர்த்துக்கொண்டும் ஒருத்தி செத்த ஃபோனோடும் வாழ்ந்தார்கள். முதல் நாள் வகுப்பில் இவள் யார் என்று சட்டக்காரியைக் கேட்டபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நாத்தனார்" என்றாள். அதுதான் பெயர் என்று நினைத்து ஆசிரியை சீட்டில் எழுதிச் சட்டையில் குத்திவிட்டார். பழிக்குப் பழியாக மற்றவள் "அண்ணி" என்று எழுத வைத்தாள். பல தேசத்து மாணவர்களும் இரண்டு பேரையும் அண்ணி என்றும் நாத்தனார் என்றும் வாய் நிறையக் கூப்பிட்டார்கள்.

ஆசிரியைக்கு மனிதர்களைப் பிடிக்காது. அதை அவர் மறைத்ததும் இல்லை. மனிதர்கள் படங்களைத் தொடுகிறார்கள் என்பதே அவருடைய குறை. முதல் வாரம் யாரையும் படத்தின் அருகே விடவில்லை. எதிரே நிற்கவைத்து, என்ன தெரிகிறதோ அதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். இங்கே விரிசல், இங்கே வண்ணம் உதிர்ந்திருக்கிறது, இங்கே ஈரம் ஏறியிருக்கிறது. சோகமாக இருக்கிறது, அழகாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் வெளியே போகச் சொல்லிவிடுவார். இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லத் தெரிந்த பிறகுதான் குச்சியும் பஞ்சும் கையில் வந்தன. பஞ்சைக் குச்சியில் சுற்றி வாயில் வைத்து நனைக்கச் சொன்னார். வண்ணத்தைக் கரைக்காமல் அழுக்கை மட்டும் எடுக்க அதைவிட மிதமான திரவம் கிடையாது என்றார்.

"எச்சிலா?" என்று நாத்தனார் குச்சியைக் கீழே வைத்துவிட்டாள். "எச்சில் தட்டைத் தொட்டாலே கை கழுவுற ஆளு நான்."

"அப்ப ஊருக்குக் கிளம்பு, நான் இருந்து கத்துக்கறேன்" என்றாள் சட்டக்காரி. நாத்தனார் உடனே குச்சியை எடுத்து வாயில் வைத்தாள்.

நல்ல படங்களையெல்லாம் முன்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சியது ஆளுயரப் படம் ஒன்று. தார் பூசியதுபோல மேலிருந்து கீழ்வரை கறுத்திருந்தது. சட்டக்காரிக்கு மேல்பாதி, நாத்தனாருக்குக் கீழ்பாதி என்று ஆசிரியை கோடு கிழித்தார். கறுப்புக்குள் இருந்தவர் அந்த நகரத்தின் பழைய தானிய வியாபாரி. விளைச்சல் பொய்த்த ஒரு வருடம் முழுக்கக் கிடங்கைப் பூட்டிவைத்துக்கொண்டு, ஜனங்கள் கதவடியில் விழுந்து சாவதை மாடியிலிருந்து பார்த்தவர். அந்தக் கிடங்குதான் இப்போது பட்டறை. அவர் படம் நகர அலுவலகத்தின் மாடிப்படியில் மாட்டியிருந்தது. பிறப்பைப் பதியப் போனவர்களும் இறப்பைப் பதியப் போனவர்களும் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை அவர்மேல் துப்பினார்கள். தலைமுறை தலைமுறையாகத் துப்பியதில் தூசி ஒட்டி, காய்ந்து, மறுபடி நனைந்து அவர் காணாமல் போய்விட்டார். ஈரத்தில் வண்ணம் உதிரத் தொடங்கியதால், அடியில் இருப்பது அவர்தானா என்று பார்த்துவிட அலுவலகம் விரும்பியது. நகரத்து ஜனங்கள் விரும்பவில்லை. பட்டறை ஜன்னலில் முகத்தைப் பதித்து முறைத்தார்கள். ரொட்டிக் கடைக்காரம்மா இவர்கள் இருவருக்கும் மட்டும் நேற்றைய ரொட்டியைக் கொடுத்தாள். "அது எங்க தாத்தன் துப்பினது. அதைத் துடைக்க நீங்க யாரு?" என்று கேட்டாள். அவரவர் பாதியை அடுத்தவளுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பதே இருவரின் கவலையும்.

வாய் வெளிப்பட்ட அன்று அவர் துப்பினார். பல் வெளிப்பட்ட அன்று கடித்தார். சட்டக்காரி கெஞ்சிப் பார்த்தாள், தாஜா செய்து பார்த்தாள், பிறகு தன் ஊர்க் குழாயடியில் கேட்டிருந்த வசவுகளையெல்லாம் வரிசையாக எடுத்துவிட்டாள். கடி ஆழமானதுதான் மிச்சம். கட்டுப் போட்ட விரல்கள் கூடக்கூட, கீழே உட்கார்ந்திருந்த நாத்தனாரின் வேலை சுறுசுறுப்பாக நடந்தது. கோட்டுப் பித்தான்கள் ஒவ்வொன்றாக மின்னின. கிடங்குச் சாவியைப் பிடித்திருந்த கை மெல்ல மெல்ல வெளியே வந்தது. கடைசியாகச் சுண்டுவிரலும் சுத்தமானபோது அந்தக் கை சாவியை விட்டுவிட்டு நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

சாப்பாட்டு வேளை. ஆசிரியை வந்து பார்த்து, இழுத்தால் வண்ணம் விரிசல் விடும், இழுக்கக் கூடாது என்றார். அவராக விட்டால் உண்டு, இல்லையென்றால் அவளைப் படத்தோடு சேர்த்துத்தான் அலுவலகத்திடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். மற்றவர்களும் போனார்கள். சட்டக்காரி போகவில்லை. இருந்து காப்பாற்ற வேண்டும் என்பதற்காக அல்ல. பார்க்க வேண்டும்போல இருந்தது. இவள் இங்கேயே இப்படியே இருந்துவிட்டால் கடைக்கு ஒரு பூட்டுப் போதும் என்றும் அவள் மனம் சொல்லத்தான் செய்தது.

"அசிட்டோன் பாட்டிலை எடுங்க அண்ணி. இந்தாளு விரலை அழிச்சு விடுங்க" என்றாள் நாத்தனார்.

"அழிச்சா திரும்ப வராது."

"எனக்கு வலிக்குது."

"தெரியுது."

"உங்களுக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும். அன்னைக்கும் இப்படித்தான ஃபோனைக் கையில வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தீங்க. கேட்டா நேரமில்லையாம்."

சட்டக்காரி கட்டுப் போட்ட விரல்களைப் பார்த்தபடி சொன்னாள். "நேரம் இருந்துச்சு. ராத்திரி பூரா இருந்துச்சு. நீ வந்தா அவரு உன்னையே பாத்துட்டிருப்பாரு. கடைசி நேரத்துல என்னைப் பாக்க மாட்டாருன்னுதான் கூப்பிடல."

நாத்தனார் மற்றொரு கையை ஓங்கி வீசினாள். ஒரு சாண் எட்டவில்லை. மறுபடி வீசினாள். பிடி இறுகியது. விரல் நுனிகள் நீலம் பாரித்தன. மூச்சு வாங்கி ஓய்ந்து, படத்தின் மரச்சட்டத்தில் நெற்றியை முட்டிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"முகம் எப்படி இருந்துச்சு? படத்துக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது."

சட்டக்காரி எழுந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதல் வாரத்தில் நின்றதுபோல நின்றாள்.

"நெத்தி மஞ்சளா இருந்துச்சு. இடது புருவத்துல ஒரு முடி மட்டும் நரைச்சு, நீளமா வளைஞ்சிருந்துச்சு. வலது கண்ணு முழுசா மூடல. கன்னம் ரெண்டும் உள்ள போயிருந்துச்சு. கீழுதட்டுல தோல் உரிஞ்சிருந்துச்சு. ஷேவ் பண்ணல. தாடைக்கு அடியில பழைய தழும்பு."

"அது நான் தள்ளிவிட்டு விழுந்தது."

"சொல்லியிருக்காரு."

"வாய்?"

"திறந்திருந்துச்சு. ஏதோ சொல்ல வந்த மாதிரின்னு சொல்லலாம். ஆனா அது கூட்டிச் சொல்றது. திறந்திருந்துச்சு, அவ்வளவுதான்."

நாத்தனார் அழுதாள். வாய்விட்டு, அசிங்கமாக, மூக்கைத் துடைக்க ஒரு கைதான் இருந்ததால் தோளில் துடைத்துக்கொண்டு அழுதாள். சட்டக்காரி அவளைத் தொடவில்லை. வலது கைக் கட்டுத்துணியை அவிழ்த்தாள். ஸ்டூலின் மேல் ஏறி, நான்கு விரல்களையும் சேர்த்து வியாபாரியின் வாய்க்குள் கொடுத்தாள். அவர் முழு வேகத்தோடு கடித்தார். கடிக்கக் கடிக்கக் கீழே பிடி தளர்ந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பேரை வெறுக்கும் தெம்பு அவருக்கு இல்லை. நாத்தனார் கையை உருவிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. மணிக்கட்டைத் தேய்த்தபடி ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றினாள். "அப்படியே வெச்சிருங்க, எடுத்துடாதீங்க" என்று சொல்லி, அவர் கவனம் வாயில் இருக்கும்போதே கட்டைவிரல் இடுக்கிலிருந்த கடைசி அழுக்கையும் எடுத்துவிட்டாள்.

அதன் பிறகு வேலை அந்த முறையில்தான் நடந்தது. ஒருத்தி கடி வாங்க ஒருத்தி துடைத்தாள், மறுநாள் மாற்றிக்கொண்டார்கள். மன்னிப்பை யாரும் கேட்கவுமில்லை, யாரும் கொடுக்கவுமில்லை. அறையில் காகித நாடா அப்படியே இருந்தது. யார் அதிகம் கடி வாங்கினாள் என்பதில் தினமும் வாக்குவாதம் வந்தது. பல் மருத்துவர் சாயங்காலம் இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். தோற்றவள் அவரோடும் பேச மாட்டாள்.

கோடை முடிந்த அன்று படத்தை மறுபடியும் மாடிப்படியில் மாட்டினார்கள். நகரமே படிகளில் நெருக்கியடித்து நின்றது. உயிரோடிருந்தவர்களில் ஒருவரும் அதுவரை அவர் முகத்தைப் பார்த்ததில்லை. பேயும் இல்லை, அரக்கனும் இல்லை. சற்றே பெரிய காதும், உடைந்த பல்லும், யாரையும் பிடிக்காத கண்ணுமாக ஐம்பது வயது மனிதர் ஒருவர் நின்றார். ரொட்டிக் கடைக்காரம்மா இரண்டு படி ஏறி, நன்றாகப் பார்த்து, நிதானமாகத் துப்பினாள். இத்தனை வருடமாக அது எங்கே போய் விழுகிறது என்று தெரியாமலே துப்பிக்கொண்டிருந்தோம், இப்போதுதான் மனசு ஆறியது என்றாள். வியாபாரி திருப்பித் துப்பினார். அவர் குறி தப்பவில்லை. கூட்டம் ஆரவாரத்தோடு வரிசையில் நின்றது. ஆசிரியை ஒரு ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இரண்டு பெண்களிடமும் சில வருடங்கள் கழித்துத் திரும்ப வரவேண்டியிருக்கும் என்றார். அவர் வாயிலிருந்து யாருக்கும் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

அவர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை போய் வந்தார்கள். கடை இரண்டு பூட்டோடும் நன்றாக நடந்தது. முனகும் படங்கள், இருமும் படங்கள், விருந்தாளி வந்தால் முகம் திருப்பிக்கொள்ளும் படங்கள் என்று தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் கொண்டுவந்தார்கள். முனகுவதைச் சட்டக்காரி பார்த்தாள், இருமுவதை நாத்தனார் பார்த்தாள், கடிப்பதை இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். வாடிக்கையாளர் முன்னால் ஒருத்தி வேலையை ஒருத்தி குறை சொல்வது கடைசிவரை நிற்கவில்லை. அந்த நகரத்தில் மாடிப்படிச் சுவரில் இப்போது கழுவக்கூடிய ஓடு பதித்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவருபவர்களிடம் ஆளுக்கொரு குடை எடுத்துவரச் சொல்கிறார்கள். மழைக்காலத்தில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.