ஏற்றத்தில் தெரியும்

விடிவதற்கு முன்பே செம்பனைத் தோட்டத்து மெக்கானிக் இருசப்பன், ஆட்களை ஏற்றிச் செல்லும் வேனுக்கடியில் மல்லாந்து கிடந்தான். முதுகுக்குக் கீழே விரித்திருந்த அட்டை ராத்திரி மழையில் ஊறிச் சட்டையோடு ஒட்டிக்கொண்டது. பழைய எண்ணெய் ஒரு சொட்டு நெற்றியில் விழுந்து காதை நோக்கி வழிந்தது. துடைக்கவில்லை. கையில் ஸ்பேனர் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். இருபத்தாறு வருஷம் சுத்தியலும் கிரைண்டரும் பிடித்த கை. விரல் நுனிகள் செத்து மூன்று வருஷமாகிறது.

அதனால் காற்றுக் கசிவைக் கன்னத்தால் பார்ப்பான். டர்போவுக்குள் காற்று போகும் வாயைப் பால்மாவு டின்னால் அடைத்து, கம்ப்ரஸரிலிருந்து கொஞ்சமாகக் காற்றைவிட்டு, குழாயோரமாக முகத்தைக் கொண்டுபோனான். டர்போவில் குறை இல்லை. அதன் தண்டு ஆடவில்லை, எண்ணெய் கக்கவில்லை. டர்போ அமுக்கித் தள்ளும் காற்று எஞ்சினுக்குப் போகிற வழியில், தடித்த ரப்பர் குழாய் வளையும் இடத்தில், கன்னத்தில் சில்லென்று பட்டது. சவுக்காரத் தண்ணீரைத் தெளித்தான். பொசுபொசுவென்று நுரை கிளம்பியது.

நுரைக்குக் கீழே கறுப்பாகத் தெரிந்தது சைக்கிள் டியூப். நாலு சுற்று, மேலே கம்பிக்கட்டு. அவனே சுற்றியது.

குழாயில் வெடிப்பு கண்டு இரண்டு மாசம். புதுக் குழாய் வேண்டுமென்று மூன்று முறை எழுதிக் கொடுத்தான். நிர்வாகி சத்தியசீலன் மூன்று முறையும் ஒன்றையே சொன்னார்: "எப்படியாச்சும் ஓட வை இருசப்பா." அவனும் ஓட வைத்தான். இருசப்பன் கை வைத்தால் வண்டி போய்ச் சேரும் என்று பத்தாங் காலி டவுன்வரை பேச்சு. அந்தப் பேச்சு அவனுக்குப் பிடித்திருந்தது. வேலைச் சீட்டில் 'சரி செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

போன செவ்வாய்க்கிழமை தோட்டத்துப் பாதையின் ஏற்றத்தில் ஏறி, ராசா ரோடு என்கிற பெருஞ்சாலையில் திரும்பும்போது வேன் இழுக்காமல் நின்றது. பின்னால் வந்த மணல் லோரி இடித்தது. கடைசி இருக்கையில் இருந்த சின்னத்தாய்க்கு இடுப்பெலும்பு முறிந்தது. நிர்வாகம் வெளியூர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓட்டிப் பார்த்து, வண்டியில் பழுதில்லை என்று எழுதி வாங்கியது. ஆகவே குற்றம் டிரைவர் சுகுமாறனுடையது. அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். திங்கட்கிழமை விசாரணை.

இருசப்பன் வாயைத் திறக்காவிட்டால் சுகுமாறனுக்கு வேலை போகும். திறந்தால் தன் வேலை போகும். நாலு நாளாக இதை யோசித்தான். பயமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. விரலைப் போலவே உள்ளேயும் ஏதோ மரத்துக் கிடந்தது.

பெரட்டுக்கு, காலை ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, ஆட்கள் கூடினார்கள். பின்கதவைக் கயிற்றால் கட்டிய அதே வேன்தான் இன்றும் வேலைக்காட்டுக்குப் போக வேண்டும். சுகுமாறன் விலகி, செம்பனை மரத்தடியில் நின்றான்.

சத்தியசீலன் சாவியை ஆட்டிக்கொண்டு வந்தார். "ஏறுங்க, ஏறுங்க. வண்டி நல்லாருக்கு. நேத்து நானே ஓட்டிப் பார்த்தேன்."

"காலியா ஓட்டுனீங்க சார்," என்றாள் பிரேமலா. உதிரிப்பழம் பொறுக்குபவள். சின்னத்தாயின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள். "காலி வயித்துல யாருதான் ஓட மாட்டா?"

சிலர் சிரித்தார்கள். சத்தியசீலன் சிரிக்கவில்லை.

அடைத்த டின்னைக் கழற்றிவிட்டு இருசப்பன் வேனுக்கடியிலிருந்து வெளியே வந்தான். "அவ சொல்றது சரி சார். சும்மா நிக்கறப்ப இந்தக் கோளாறு தெரியாது. பாரம் ஏத்தி ஏத்தத்துல விட்டாத்தான் தெரியும். ஆளுங்கள ஏத்திக்கிட்டு நீங்களே ஓட்டுங்க. கீழ் ஏத்தம் வரைக்கும் போதும், ரோட்டுக்குப் போக வேணாம்."

"எனக்கு டெஸ்ட் வைக்கிறியா?"

"வண்டிக்கு."

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பிரேமலா முதலில் ஏறினாள். பிறகு குலை வெட்டும் ஆட்கள். வங்காளதேசத்து ரஃபீக்கும் அவன் கூட்டாளிகள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டுகள் தோட்டத்து ஆபீஸ் அலமாரியில், சத்தியசீலனின் பூட்டுக்குள் இருந்தது. ரஃபீக் துப்பிவிட்டு ஏறினான். மற்ற மூவரும் ஏறினார்கள். பன்னிரண்டு பேர். வேன் பின்பக்கம் அமுங்கியது.

இத்தனை பேர் பார்க்கையில் சத்தியசீலனால் பின்வாங்க முடியவில்லை. ஓட்டினார்.

சமதரையில் நன்றாகத்தான் போனது. ஏற்றம் தொடங்கியதும் எஞ்சின் கத்தியது, வேகம் கூடவில்லை. அவர் இன்னும் மிதித்தார். புஸ்ஸென்று பெரிய பாம்பு சீறுவதுபோல் சத்தம் வந்து, பின்னால் கரும்புகை குபுகுபுவென்று கக்கியது. பாதி ஏற்றத்தில் வேன் ஆளைப்போல மூச்சிரைத்து நின்றது.

"செவ்வாக்கெழமை இப்பிடித்தான் சார் நின்னுச்சு," பின்னிருக்கையிலிருந்து பிரேமலாவின் குரல் வந்தது. "பின்னாடி லோரி மட்டுந்தான் இன்னிக்கு இல்ல."

இருசப்பன் நடந்து வந்து சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்தான். அடியில் கைவிட்டு, பிய்ந்து தொங்கிய டியூபை இழுத்தெடுத்து நீட்டினான்.

"இத யார் சுத்துனது?" என்றார் இறங்கி வந்த சத்தியசீலன்.

"நாந்தான்."

"சீட்டுல சரின்னு கையெழுத்துப் போட்டதும் நீதானே?" சத்தியசீலனின் குரல் இப்போது நிதானமாகிவிட்டது. பிடிக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டது. "அப்ப டிரைவரோட நீயும் வா. ரெண்டு பேருக்கும் கடிதம் வரும்."

"வரட்டும் சார். மூணு தடவ குழாய் கேட்டேன். குடுக்கலன்னதும் வண்டிய நிறுத்தியிருக்கணும். ஓட வெச்சது என் தப்புதான். அதையும் விசாரணையில சொல்றேன்." அவன் ஏற்றத்தின் கீழே பார்த்தான். "சுகுமாறன் தப்பு பண்ணல."

மரத்தடியிலிருந்து சுகுமாறன் வந்துகொண்டிருந்தான். நாலு நாளாகச் சவரம் செய்யாத முகம். "மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா, இருசண்ணே," என்றான். கோபம் இருந்தது. அது நியாயமான கோபம்.

வேன் கதவு திறந்தது. ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள்.

"எங்க எறங்குறீங்க? வேலக்காட்டுக்கு யாரு போறது?"

"நடந்து போறோம்," என்றார் குலை வெட்டும் உடையப்பன். "குழாய் மாத்துற வரைக்கும் யாரும் இதுல ஏறப்போறதில்ல."

"நாலு மைல். போய்ச் சேர வெயில் ஏறிடும்."

"ஆவட்டும். திங்கக்கெழம விசாரணைக்கும் நாங்கதான் வருவோம். வண்டியில இருந்தவங்கதான சாட்சி?"

ரஃபீக் தன் நெஞ்சைத் தொட்டு, மலாயில் 'நானும்' என்றான். சத்தியசீலன் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய், முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்.

இருசப்பன் வேனின் படியில் உட்கார்ந்தான். வேலைச் சீட்டு சட்டைப்பையில் இருந்தது. 'சரி செய்யப்பட்டது' என்பதன் கீழே, 'வண்டி ஓடக்கூடாது' என்று எழுதித் தேதி போட்டான். எண்ணெய் விரல் பட்டுப் பாதி எழுத்து கறுத்தது. பிரேமலா சீட்டை வாங்கிப் படித்துவிட்டு அவன் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். சீட்டு கைமாறிப் போனது; கையெழுத்துப் போட்டவர்கள் ஏற்றத்தில் நடக்கத் தொடங்கினார்கள்.

சுகுமாறன் கடைசியாகக் கையெழுத்துப் போட்டான். பிறகு கையை நீட்டினான். இருசப்பன் பிடித்தான். விரல்களில் ஒன்றும் தெரியவில்லை, சூடும் தெரியவில்லை. தோளில் மட்டும் இழுப்பு தெரிந்தது. எழுந்துகொண்டான்.

முன்னால் போனவர்கள் ஏற்றத்தின் உச்சியில் நின்று காத்திருந்தார்கள்.