திட்டத் தெரியாத சம்பந்தி

இந்தக் கடற்கரை ஊரில் அவசரம் என்று ஒன்று கிடையாது. பஸ் வந்து நின்றதும் டிரைவர் இறங்கிப் போய்க் கடலைப் பார்த்தபடி ஒரு டீ குடித்துவிட்டுத்தான் கடைசி ஸ்டாப் என்று சொல்லுவார். கடைகளில் ‘திறந்திருக்கிறது’ என்று பலகை தொங்கும், உள்ளே ஈ காக்கை இருக்காது. நானோ முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன். நாலு நிமிஷம் தாமதமான வண்டிக்குக்கூடக் காரணம் எழுதி வாங்கியவன். எனக்கும் இந்த ஊருக்கும் ஏழாம் பொருத்தம். இருந்தும் ஆறு வருஷமாக, வருஷத்துக்கு ஒரு வாரம், இதே லாட்ஜுக்கு வந்துகொண்டிருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் என் சம்பந்தி.

என் மகளுக்கும் அவர் மகனுக்கும் கல்யாணமான வருஷம் இரண்டு குடும்பமும் சேர்ந்து இங்கே வந்தோம். மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள், நாங்கள் இருவரும் சிநேகிதர்களாகிவிட்டோம். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். யாருடைய வண்டியில் ஏறி உட்கார்ந்தாலும், அங்கே இல்லாத பிரேக்கை அவர் கால் மிதிக்கும். நான் சிடுமூஞ்சி, அவர் சிரித்த முகம். அறுபதுக்கு மேல் புதிதாக ஒரு சிநேகிதன் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

இந்த வருஷம் நாங்கள் வந்திருக்கவே கூடாது. என் மகள் நாலு மாதத்துக்கு முன் எங்களிடமே வந்து, விவாகரத்துக்கு மனு போட்டிருந்தாள். வியாழக்கிழமை விசாரணை. அந்த வீட்டு நம்பரைக்கூட என் மனைவி என் போனிலிருந்து அழித்துவிட்டாள். லாட்ஜ் அறையை அவர்கள் ரத்து செய்திருப்பார்கள் என்று நாங்கள் இருந்தோம். அவர்களும் எங்களைப் பற்றி அப்படியே நினைத்திருக்கிறார்கள். நான் மட்டும், கூட வேலை பார்த்த ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

லாட்ஜ் மேனேஜர் வரவேற்பு மேசையிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு கண்ணை மட்டும் திறந்து, “உங்க சம்பந்தி நேத்தே வந்துட்டாரு சார், மாடியில இருக்காரு” என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரும்பி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். காரணம், மனுவின் இரண்டாம் பக்கம்.

மாப்பிள்ளை அடிக்கிற குடிக்கிற ரகமில்லை. இரண்டு வருஷமாக, அப்பாவும் மனைவியும் இருக்கிற வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வருகிறார், அவ்வளவுதான். மகள் எத்தனையோ முறை கேட்டும் பிரிவதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடவும் மாட்டேன் என்கிறார். “வீட்டுக்கு வரலைங்கறதெல்லாம் கோர்ட்ல எடுபடாது சார்” என்று வக்கீல் உதட்டைப் பிதுக்கினார். பிறகு அவராகவே இரண்டாம் பக்கத்தில் எழுதினார்: மாமனார், அதாவது என் சம்பந்தி, அவளைத் தினமும் தகாத வார்த்தைகளால் திட்டினார் என்று. சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். டிக்கெட் இல்லாமல் வந்தவன் ஒரு பொய் சொன்னால் ஊரைக் கூட்டுகிற நான், பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். வியாழக்கிழமை கூண்டில் ஏறி அதை ஆமாம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் மகள் தப்பிப்பாள், சிநேகிதன் போய்விடுவான். சொல்லாவிட்டால் மகள் இன்னும் எத்தனை வருஷம் இழுபடுவாளோ தெரியாது.

படியேறிப் போனேன். சம்பந்தி வராந்தாவில் ஈரத்துண்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க சம்பந்தி. நீங்க என்ன பொய் சொல்லிட்டு வந்தீங்க?”

“ஆபீஸ் ஆளுக்கு உடம்பு சரியில்லைன்னு.”

“பரவாயில்லையே. நான் வண்டிக்கு பார்ட்ஸ் வாங்கப் போறேன்னு சொன்னேன்” என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

இரண்டு நாள் பழையபடியே ஓடியது. காலையில் மணலில் நடந்தோம். வந்து குளித்துவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்தோம். மத்தியானம் ஃபேனுக்கடியில் ஆளுக்கொரு கட்டிலில் குறட்டை விட்டோம். மனுவைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை. அவர் இன்னும் அதைப் பார்க்கவில்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடலோரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். இனி மென்று விழுங்கிப் பயனில்லை என்று ஆரம்பித்தேன்.

“சம்பந்தி, அந்த மனுவில ரெண்டாம் பக்கம்...”

“படிச்சேன்” என்றார். “பையன் மேசையில போட்டுட்டுப் போயிருந்தான். நீங்க கையெழுத்தை நல்லாத்தான் போட்டிருக்கீங்க.”

எனக்கு அப்படியே மணலுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. “என்னால வியாழக்கிழமை அதைச் சொல்ல முடியாது” என்றேன்.

“சொல்லித்தான் ஆகணும். பொண்ணு எத்தனை நாளைக்கு அப்படியே உக்காந்திருப்பா? என் பேர் கெட்டுப்போனா என்ன, இனிமே எனக்கென்ன பொண்ணா பாக்கப் போறாங்க?”

“பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லைங்க. வக்கீல் ஒரு கேள்வி கேட்டா என் முகமே காட்டிக் கொடுத்துரும்.”

அவர் தாடையைச் சொறிந்துகொண்டே, “அப்ப அதை நெசமாக்கிடுவோம்” என்றார்.

“எப்படி?”

“இப்பவே உங்க பொண்ணைக் கூப்பிட்டுத் திட்டறேன். நீங்க பக்கத்துல இருந்து கேளுங்க. திட்டினாருன்னு சத்தியமே பண்ணலாம்.”

எதையும் செய்து காட்டியே பழகின டிரைவிங் ஸ்கூல்காரருக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். நான் வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடிப்பதற்குள் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரையும் தட்டிவிட்டார்.

“மாமா?” என்றாள் என் மகள். நாலு மாதம் கழித்து அவர் கூப்பிடுகிறார். குரலில் பயம் தெரிந்தது.

சம்பந்தி கண்ணை இறுக மூடிக்கொண்டார். “ஏய்” என்றார். பிறகு தொண்டையைச் செருமினார். “உனக்கு... உனக்குக் கொஞ்சமாவது...”

அதோடு நின்றுவிட்டார்.

“சொல்லுங்க மாமா.”

“கொஞ்சமாவது சாப்பிட்டியாம்மா?”

அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை.

“படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு சொல்ல மாட்டேன் மாமா” என்றாள் மகள். “படிச்சுட்டுத்தான் போட்டேன்.”

“தெரியும்மா.”

“அன்னையிலேருந்து தூக்கமில்ல. அந்தப் பக்கத்தை எடுத்துடச் சொல்லிடறேன். கேஸ் நிக்கலைன்னா போகட்டும்.”

“எப்படி நிக்காமப் போகும்? நான் வந்து சொல்றேன். அவன் ரெண்டு வருஷத்துல எத்தனை நாள் வீட்டுக்கு வந்தான், நீ எத்தனை நாள் தட்டைப் போட்டுட்டுக் காத்திருந்தேன்னு எனக்குத் தெரியாதா? கதவு திறந்துவிட்டவன் நான்தானே.”

“மாமா, அவர் உங்க பையன்.”

“அதனாலதாம்மா நான் சொன்னா நம்புவாங்க.”

“உங்கப்பாவும் இங்கதான் இருக்காரு, பேசும்மா” என்று போனை என் கையில் திணித்துவிட்டு அவர் எழுந்து தண்ணீரை நோக்கி நடந்தார். மகள் “அப்பா, அப்பா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், நான் போனைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் நனைய நின்றுகொண்டு அவர் முகத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். அவருக்கு இருப்பது ஒரே மகன்.