பதினொரு மணித் தண்ணீர்

அறக்குளா மீனின் தலை மரக்குத்தியிலிருந்து உருண்டு சீமெந்துத் தரையில் விழுந்தது. தயாளினி அதைக் காலால் தடுத்து, செவுளில் பிடித்துத் தூக்கினாள்.

"தலை வேண்டாமெண்டா சொல்லுங்கோ. இஞ்சை எடுக்க ஆளிருக்கு."

"வேணும் பிள்ளை, போடும்."

காலை ஆறரை மணி. புளியந்துறை மீன்சந்தையின் பின்பக்கச் சுவரோடு பத்தொன்பது பெண்கள் வரிசையாக இருந்து மீன் வெட்டினார்கள். கீழே விரித்த உரப்பை, முன்னால் மரக்குத்தி, பக்கத்தில் ஒரு வாளி கடல்தண்ணீர். ஒருத்தியிடமும் குடிதண்ணீர்ப் போத்தல் இல்லை. விடிய நாலு மணிக்கு எழும்பினால் வாய் கொப்பளிப்பார்கள், தேத்தண்ணி குடிக்கமாட்டார்கள். பதினொரு மணிக்குச் சந்தை கலைந்து வீட்டுக்குப் போன பிறகுதான் முதல் மிடறு. புதிதாக வேலைக்கு வருகிறவளுக்குச் செதில் சீவப் பழக்குவதற்கு முன் இதைத்தான் பழக்கினார்கள்.

சந்தையில் பெண்களுக்கென்று ஒரு கக்கூஸ் இருந்தது. ஆறு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. பூட்டின் திறப்பு சந்தைக் குத்தகைக்காரரிடம் என்று பிரதேச சபை சொன்னது. சபையிடம் என்று குத்தகைக்காரர் சொன்னார். ஆண்கள் கடற்கரைச் சுவரோரம் போய்வந்தார்கள்.

தயாளினிக்குப் பக்கத்து இடம் கமலாவதியுடையது. ஐம்பத்தெட்டு வயது, இருபத்திரண்டு வருடம் அதே இடம். அன்று அவள் கத்தியை வைத்துவிட்டுத் தன் கணுக்காலைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"வீங்கியெல்லே கிடக்கு, கமலாக்கா. டொக்டரிட்டைப் போனனீங்களோ?"

"போனா தண்ணி குடி எண்டுதான் சொல்லுவினம். அதுக்கேன் போவான்?"

மாசிமாத முடிவில் ஒருநாள் றொபின் சந்தைக்கு வந்தான். வள்ள எஞ்சின் திருத்துகிறவன். கடற்றொழிலாளர் சங்கச் செயலாளரும் அவன்தான். கையில் ஒரு மஞ்சள் பைல் இருந்தது. சபைத் தேர்தலுக்குச் சங்கம் சுயேச்சைக் குழு போடுகிறது என்றும், பட்டியலில் பெண்களின் பெயர் குறைகிறது என்றும் சொன்னான்.

"பேர் மட்டும் தந்தாக் காணும். கையெழுத்து வைக்கோணும். வேறை ஒரு வேலையுமில்லை."

"வேறை வேலை இல்லையெண்டா ஏன் பேர்?" என்றாள் லவீனா. வரிசையில் வயது குறைந்தவள் அவள்தான்.

"சட்டம் தங்கச்சி. இவ்வளவு பொம்பிளையள் இருக்கோணும். இல்லாட்டிப் பேப்பரை எடுக்கமாட்டினம்."

கமலாவதி நிமிரவில்லை. கணவாயின் தோலை உரித்தபடி, "தயாவின்ரை பேரை எழுதும் தம்பி. அவள் பத்தாம் வகுப்புப் படிச்சவள்" என்றாள்.

தயாளினி கையைக் கழுவிவிட்டுப் பைலை வாங்கினாள். இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்று வட்டாரத்துக்கு நேராக நிற்கிறவர்கள். மற்றது சும்மா சேர்க்கிற பெயர்கள். றொபின் இரண்டாவதைக் காட்டினான். அவள் முதலாவதைப் புரட்டினாள்.

"எங்கடை வட்டாரத்துக்கு ஆரைப் போட்டிருக்கிறியள்?"

"அங்கை ஒருதரும் நிக்கினமில்லை. செல்வத்துரை நிக்கிறாரெல்லே. ரெண்டுதரம் சபைக்குத் தவிசாளர். ஆர் போய் அவரோடை முட்டுறது?"

"அப்ப அதிலை என்னைப் போடுங்கோ."

"தங்கச்சி, வெல்ல ஏலாது."

"உங்களுக்குப் பேர்தானே வேணும்? அதிலை இருந்தாலும் பேர்தானே?"

றொபின் பேனையை நீட்டினான். பைலின் மூலையில் மீன் இரத்தம் பட்டது.

குழுவுக்குக் கிடைத்த சின்னம் மேசைவிசிறி. சந்தை முழுதும் சிரித்தது. "இவ்வளவு கடற்காத்துக்கை விசிறி என்னத்துக்கு? கருவாடு காயப்போடவோ?" என்று ஐஸ்பெட்டிக்காரர் கேட்டார். "உங்கடை வாயைக் காயப்போட" என்றாள் லவீனா.

கூட்டம் வைக்க அவர்களுக்கு ஒலிபெருக்கி இல்லை, நேரமும் இல்லை. ஆனால் வட்டாரத்தில் மீன் சமைக்கிற வீடு ஒவ்வொன்றிலிருந்தும் கிழமையில் மூன்று நாளாவது ஒருவர் இந்தச் சுவரோரம் வந்து நின்றார். மீன் வெட்டி முடியும்வரை அவரால் நகர முடியாது. தயாளினி கடைசித் துண்டை வெட்டாமல் வைத்துக்கொண்டு கதைத்தாள்.

"அண்ணை, இப்ப என்ன நேரம்?"

"ஒன்பது."

"நான் நாலு மணிக்கு எழும்பினனான். இன்னும் ஒண்டுக்குப் போகேல்லை. பதினொண்டுக்குத்தான் போவன். இதிலை இருக்கிற பத்தொன்பது பேரும் அப்பிடித்தான்."

அவர் வேறு பக்கம் பார்த்தார். கத்தி அசையவில்லை.

"உங்கடை மனிசியிட்டைக் கேட்டுப்பாருங்கோ, ஒரு நாளைக்கு ஏலுமோவெண்டு. நான் வேறையொண்டும் செய்து தாறனெண்டு சொல்லேல்லை. ரோட்டுப் போடுறன், லைற் போடுறன் எண்டு சொல்லேல்லை. அந்தக் கதவைத் திறக்கோணும். அவ்வளவுதான்."

பிறகு வெட்டினாள். பத்தொன்பது பேரும் இதையே செய்தார்கள். சித்திரை நடுப்பகுதியில் ஒருவர் விளைமீனை நீட்டும்போதே, "பிள்ளை, கதை எனக்குத் தெரியும். விசிறிக்குத்தான் போடுவன். கெதியா வெட்டும், பஸ் போகப்போகுது" என்றார்.

கதை செல்வத்துரையின் காதுக்கும் போனது. தேர்தலுக்குப் பத்து நாள் இருக்க, ஒரு ஞாயிறு பின்னேரம் நாலு பேர் வாளியும் தூரிகையுமாக வந்து கக்கூசுக்கு நீலப் பெயின்ற் அடித்தார்கள். சுவர், கதவு, நிலை எல்லாம் நீலம். திங்கள் காலை எட்டு மணிக்கு, சந்தை நிறைந்திருந்த நேரம், செல்வத்துரை வெள்ளைச் சேட்டோடு வந்தார். குத்தகைக்காரரும் படம் எடுக்கிற ஒருவரும் பின்னால் வந்தார்கள்.

"தாய்மாரே, நீங்கள் ஒருதரிட்டையும் கெஞ்சத் தேவையில்லை. என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா எப்பவோ திறந்திருப்பன்" என்று சொல்லி, சேட்டுப் பைக்குள் இருந்து திறப்பை எடுத்தார்.

அது உள்ளே போகவில்லை. குனிந்து பார்த்தார். பெயின்ற் அடித்தவர்கள், தொங்கிய ஆமைப்பூட்டையும் கதவோடு சேர்த்து அடித்திருந்தார்கள். துவாரம் நீலக் கட்டியாக அடைபட்டிருந்தது. நகத்தால் சுரண்டினார். திறப்பின் நுனியால் குத்தினார். குத்தகைக்காரர் ஒரு ஈர்க்குத் தேடிக்கொண்டு வந்தார். ஈர்க்கு முறிந்து உள்ளே நின்றது. படம் எடுக்க வந்தவர் கமராவைத் தாழ்த்தினார்.

கமலாவதி கத்தியைத் தரையில் வைத்தாள்.

"தம்பி, அவசரமெண்டா எங்களைப்போலை அடக்கிப் பழகுங்கோ."

முதலில் லவீனா சிரித்தாள். பிறகு வரிசை முழுதும் சிரித்தது. மரக்கறிப் பக்கத்தில் கொடிகாமத்திலிருந்து வந்த லொறிக்காரர், என்ன சங்கதி என்று ஏறிநின்று பார்த்தார். செல்வத்துரை சேட்டில் நீலம் படாமல் திரும்பிப் போனார். விரல்களில் பட்டிருந்தது. பின்னேரத்துக்கிடையில் அந்தச் சொல் வட்டாரம் முழுதும் போய்விட்டது. பஸ்ஸில் ஒருவர் மணி அடிக்க, "அடக்கிப் பழகுங்கோ" என்று இன்னொருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை சந்தையில் கூட்டம் குறைவு. கமலாவதி எழும்பப் பார்த்தாள், முடியவில்லை. முகமும் ஊதியிருந்தது. தயாளினியும் லவீனாவும் அவளை ஓட்டோவில் ஏற்றினார்கள். பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தயாளினி நாலு மணித்தியாலம் வாங்குப் பலகையில் இருந்தாள். டொக்டர் பெட்டை வெளியே வந்து, "இரண்டு கிட்னியும் பழுதாப் போச்சு. கனநாளா இருந்திருக்கோணும். ஏனம்மா முந்தியே கூட்டிக்கொண்டு வரேல்லை?" என்று கேட்டாள்.

தயாளினி கைலேஞ்சியால் விரலிடுக்கில் ஒட்டியிருந்த செதிலைத் துடைத்தாள்.

வாக்களிப்பு நாளன்று ஒன்பது மணிக்கே கத்திகளைக் கழுவிவிட்டுப் பதினெட்டுப் பேரும் ஒன்றாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். உடுப்பு மாற்றவில்லை. வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தி விலகினார்கள். "மணத்துக்கு வழி விடுங்கோ. நாளைக்கு இந்தக் கையாலை வெட்டின மீனைத்தானே தின்னப்போறியள்" என்றாள் லவீனா. மை பூசுகிற அதிகாரி தயாளினியின் சின்னவிரலைத் துணியால் இரண்டு தரம் துடைத்துவிட்டுத்தான் பூசினார்.

பதினொன்றரைக்கு ஒரு ஓட்டோ வந்து நின்றது. கமலாவதி இறங்கினாள். இரண்டு நாள் வீட்டுக்கு விட்டிருந்தார்கள். கழுத்தில் குழாய் போட்ட இடத்தில் பெரிய பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது.

"படுத்துக் கிடக்கச் சொன்னதெல்லே?" என்றாள் தயாளினி.

"படுத்துக் கிடந்தா உவன் செல்வத்துரை என்ரை வோட்டையும் போட்டிடுவான். கையைப் பிடியடி."

எண்ணுவதும் அதே பள்ளிக்கூடத்தில்தான். மாலை ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். வெளியே மதிலோரம் பெண்கள் குந்தியிருந்தார்கள். ரோட்டின் மறுகரையில் செல்வத்துரையின் ஆட்கள் வெடிப்பெட்டிகளோடு நின்றார்கள். மூன்று சரவெடி ஏற்கெனவே மரத்தில் தொங்கியது. ஏழு மணிக்குச் சற்று முன் றொபின் வெளியே வந்தான். எண்ணுகிற இடத்தில் குழுவின் முகவராக இருந்தவன் அவன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நேரே தயாளினியிடம் வந்து, கையில் பேனையால் எழுதியிருந்த இலக்கங்களைக் காட்டினான்.

"நானூற்றி முப்பத்தொண்டு. அவருக்கு நானூற்றி எட்டு."

"ஆருக்கு நானூற்றி முப்பத்தொண்டு?"

"உமக்குத்தான், விசரி."

லவீனா கூவினாள். யாரோ தயாளினியைத் தூக்கினார்கள், இறக்கினார்கள், மறுபடி தூக்கினார்கள். றொபின் ரோட்டைக் கடந்து போய், செல்வத்துரையின் ஆட்களிடம், "அண்ணை, உதுகளை வீட்டை கொண்டுபோய் என்ன செய்யப்போறியள்? நனைஞ்சு போயிடும்" என்றான். ஒருவர் முறைத்தார். மற்றவர், சந்தையில் வாழைப்பழம் விற்கிறவர், தானே தீப்பெட்டியைத் தட்டினார். மூன்று சரவெடியும் வெடித்து முடியும்வரை பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

முதல் சபைக் கூட்டம் ஆனி மாதம் நடந்தது. பதினேழு உறுப்பினர்களில் விசிறிக்காரர் மூன்று பேர். தயாளினி கலியாண வீட்டுச் சேலையில் போனாள். கதிரையில் இருக்கமுன் பியோனைக் கூப்பிட்டு, "இஞ்சை கக்கூஸ் எங்கை?" என்று கேட்டாள். அவன் காட்டினான். போய்வந்தாள். அவளுடைய முறை வந்தபோது எழும்பி நின்றாள். கடதாசி ஒன்றும் கையில் இல்லை.

"இப்பதான் உங்கடையைப் பாத்திட்டு வாறன். மாபிள் பதிச்சிருக்கு. சவுக்காரம் கிடக்கு. பைப்பிலை தண்ணி வருது. கதவுக்கு உள்பக்கம்தான் கொழுக்கி, வெளியிலை பூட்டில்லை. பதினேழு பேருக்கு நல்ல வசதி. நாங்கள் பத்தொன்பது பேர். இதைப்போலை ஒண்டு நாளைக்கே வேணும். பூட்டை வெட்ட ஆளை நாங்கள் கொண்டுவருவம். தண்ணியை நீங்கள் கொண்டுவாங்கோ."

பத்திரிகைக்காரர் இருவர் எழுதிக்கொண்டிருந்தார்கள். புதுத் தவிசாளர் கை உயர்த்தச் சொன்னார். செல்வத்துரையின் கட்சிக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்து உயர்த்தினார்கள். பதினேழு கை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு றொபின் இரும்பு அறுக்கிற வாளோடு வந்தான். நீலப் பூட்டு ஐந்து நிமிடத்தில் இரண்டாகி விழுந்தது. அதற்குள் முறிந்த ஈர்க்கு இன்னும் இருந்தது. சபையின் தண்ணீர்ப் பவுசர் பின்பக்கமாக வந்து தொட்டியை நிரப்பியது. லவீனா விளக்குமாறோடு முதலில் உள்ளே போனாள். இரண்டு வாளி அழுக்குத் தண்ணீர் வெளியே வந்தது. பிறகு கதவு சாத்தப்பட்டது. கொழுக்கி விழுகிற சத்தம் கேட்டது.

அவள் வெளியே வந்தபோது மீன் வாங்க நின்றவர்களும் கைதட்டினார்கள். "என்ன, கலியாணமே முடிஞ்சது?" என்று கேட்டு அவள் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாள்.

ஐஸ்பெட்டிக்காரர் ஒரு குடம் கிணற்றுத்தண்ணீரும் செம்பும் கொண்டுவந்து வரிசையின் தலைப்பில் வைத்தார். "குடியுங்கோ. இண்டைக்கு என்ரை செலவு." நேரம் ஏழே முக்கால். முதலாவது பெண் செம்பை வாங்கிச் சற்றுத் தயங்கினாள், கதவைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு அண்ணாந்து முழுதும் குடித்தாள். நிரப்பி அடுத்தவளிடம் கொடுத்தாள். செம்பு வரிசை வழியே வந்தது. சிலருக்குப் புரைக்கேறியது. ஒருத்தி இரண்டு செம்பு குடித்தாள், வரிசை சத்தம் போட்டது.

கமலாவதி தன் இடத்தில் உரப்பையில் இருந்தாள். மரக்குத்தியும் கத்தியும் இல்லை. பூட்டு அறுக்கிறதைப் பார்க்கவேண்டும் என்று வந்திருந்தாள். எட்டரை பஸ்ஸில் யாழ்ப்பாணம் போகவேண்டும், இரத்தம் சுத்திகரிக்க. கிழமைக்கு இரண்டு நாள் போகிறாள். மடியில் கிளினிக் அட்டையும் ஒரு சின்னப் போத்தலும் இருந்தன. போத்தலின் பாதியில் நேர்சம்மா பேனையால் ஒரு கோடு போட்டிருந்தாள். ஒரு நாள் முழுவதற்கும் அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு மிடறும் கூடாது.

தயாளினி குடித்துவிட்டுச் செம்பை நிரப்பினாள். நிரப்பிய பிறகுதான் பக்கத்தில் யார் இருக்கிறாள் என்று நினைவு வந்தது. கை நின்றது.

"இஞ்சை தாடி" என்றாள் கமலாவதி.

செம்பை இரண்டு கையாலும் வாங்கினாள். வெளிப்பக்கத்தில் நீர் வடிந்தது. அதைக் கன்னத்தில் வைத்து ஒருதரம் அமத்தினாள், மறு கன்னத்திலும் வைத்தாள்.

"நல்ல குளிராக் கிடக்கு" என்றாள்.

ஒரு சொட்டும் சிந்தாமல், அடுத்து இருந்தவளிடம் நீட்டினாள்.