முள் இல்லாமல் ஒரு வீச்சு

நான் எறிந்த தூண்டில் ஈயக்குண்டு இன்னும் மேலேதான் இருக்கிறது, மூன்றாவது அலையையும் தாண்டி, வெயிலில் ஒரு கறுப்புப் புள்ளியாக, இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டு, நான் சோறு வடிக்கும்போதும் அது அங்கே இருக்கிறது, வலது தோளுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்காரும்போதும் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டேதான் என் வீட்டுக்காரர் பேசுவதையும் கேட்கிறேன், கூடத்து மேசையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, ஏம்மா, கன்னியாகுமரிக்கு மதுரையில எறங்கி பாசஞ்சர் மாறினா இன்னும் மிச்சமாகுமே என்கிறார், யாருக்கு மிச்சம், எதற்கு மிச்சம், பதினாறு வருஷமாக என் வயிற்றில் எரிகிற கேள்வி இது, வாயைத் திறந்தால் சண்டை வரும் என்று அடுப்பைத் துடைக்கிறேன், துடைத்த இடத்தையே துடைக்கிறேன்.

கம்பை வாங்கியது இவர்தான், பர்மா பஜாரில், இரண்டு ஆள் உயரம், படகு இல்லாதவர்கள் கரையில் நின்று அலைக்கு அப்பால் தூண்டில் எறிகிற கம்பு, பதினாறு வருஷத்துக்கு முன்னால் பட்டினப்பாக்கம் கடற்கரையில் ஒரு சாயங்காலம் இவர் எறிகிறார், குண்டு முதல் அலையிலேயே தொப்பென்று விழுகிறது, மறுபடி எறிகிறார், தங்கூசி நரம்பு சிக்கிக் குருவிக்கூடாகிறது, நான் சுண்டல் பொட்டலத்தை மணலில் வைத்துவிட்டு, குடுங்க, நான் ஒரு தடவ போடறேன் என்று வாங்கி எறிந்தேன், இடுப்பில் கிளம்பித் தோள் வழியாகக் கம்பின் நுனிக்குப் போன அந்த விசை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது, குண்டு போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, பக்கத்தில் நின்ற தூண்டில்காரர்கள் கைதட்டுகிறார்கள், இவர் மட்டும் வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு, காத்து பின்னாடியிருந்து அடிச்சுது, அதான் என்றார். காற்று கடலிலிருந்து முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் நோட்டு வந்தது. கம்பு என் கைக்கு வந்ததும் இவர் பேனாவை எடுத்துக்கொண்டார், இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பதினாறு வருஷம் ஆனதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது, தனுஷ்கோடி, கன்னியாகுமரி, பழவேற்காடு, அந்தமான்கூட, தூண்டில்காரர்கள் வாயில் புரள்கிற கரையெல்லாம் நோட்டில் வந்து உட்கார்ந்தது, எந்த ரயில், எந்த மடத்தில் இலவசமாகப் படுக்கலாம், எந்த ஊரில் இறால் இரை மலிவு, எல்லாம் சிவப்பு மையில், மிச்சமாவது பச்சை மையில், போகிற நாள் மட்டும் பென்சிலில், அழிக்க வசதியாக. மழை வரும்மா, லீவு இல்லம்மா, பண்டிகைக் கூட்டம்மா, அடுத்த தடவ போலாம்மா. ஆனால் தூண்டில்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தத் திட்டங்களை அள்ளிப் போடுவார், தணிகாசலம் சார் பிளான் போட்டா ஒரு பைசா வீணாகாது என்று புகழ்வார்கள், அவர்கள் போவார்கள், நான் மனத்துக்குள் நூறு தடவை நின்ற கரையில் நின்று, கையில் ஒரு பாரை மீனைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி போட்டோ அனுப்புவார்கள், இவர் அதை எனக்குக் காட்டுவார், பாரு, நம்ம பிளான்தான். நம்ம பிளான். பார்த்துப் பார்த்து என் கண் பூத்துப்போயிற்று.

அப்புறம் ஒரு நாள், என் வலது தோள் தசைநார் கிழிந்திருக்கிறது, வெட்டித் தைக்க வேண்டும், அப்புறம் கையைத் தோளுக்கு மேல் தூக்கி எதையும் வீசக்கூடாது, கொடியில் துணிகூட உதறிப் போடக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னார், அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன், அதுக்கு முன்னாடி ஒரு தடவ என்னைக் கூட்டிட்டுப் போங்க, ஒரே ஒரு வீச்சு, அது போதும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கேட்டேன், கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். இவர் மூன்று நாள் யோசித்துத் திட்டம் போட்டார், சவேரியார்துறை, தெற்கே புதிதாகப் பேர் வாங்கிய கரை, சனிக்கிழமை சாயங்காலம் ரயில், ஞாயிறு காலையில் கரை, சாயங்காலமே திரும்புகிற ரயில், லாட்ஜே வேண்டாம், முகமெல்லாம் மலர்ச்சி, நாலு வீடியோ பாத்துட்டேம்மா, நாலும் ஞாயித்துக்கிழமை எடுத்தது, படகெல்லாம் கரையிலதான் நிக்குது, ஒரு ஆள் இல்ல, நமக்கே நமக்கு.

ஒரு ஆள் ஏன் இல்லை என்று கேட்க இவருக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, ஞாயிறு காலை, மாதா கோயில் மணி அடித்துக்கொண்டிருக்கிறது, நீலமும் பச்சையுமாகப் படகுகள் மணலில் வரிசையாக நிற்கின்றன, மடித்த வலைகளின் மேல் காக்கைகள், கடல் அன்றைக்கு எனக்காகவே குளித்துவிட்டு வந்ததுபோல் இருக்கிறது, நான் தூண்டில் முள்ளில் இறாலைக் கோத்துக் கம்பை நிமிர்த்துகிறேன், அப்போது பூசை முடிந்து தலையில் முக்காடோடு வந்த ஒரு பெண், பிரகாசி என்று பிற்பாடு பெயர் சொன்னாள், யக்கா, இன்னைக்கு ஞாயித்துக்கெழமல்லா, இன்னைக்கு எங்க ஊர்ல ஒருத்தரும் கடல்ல முள்ளு போடமாட்டாவ, வல போடமாட்டாவ, நாளைக்குப் போடுங்க, எங்க வீட்டுக்காரரே வந்து எடம் காட்டுவாவ என்றாள், குரலில் ஒரு சிடுசிடுப்பும் இல்லை. இவர் பாய்ந்து வந்தார், நாங்க சாமி கும்பிடறவங்கம்மா, எங்களுக்கு இந்த ரூல் கிடையாது, சாயங்காலம் ட்ரெயின். அவள் இவரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள், வேண்டாம்க்கா.

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, ஞாயிற்றுக்கிழமைமேல் வந்தது, பிறகு அந்தக் கோபம் திரும்பி வந்து நிற்க வேண்டிய இடத்தில் நின்றது, ஏனென்றால் இவர் என் காதருகே குனிந்து, அவ போனதும் போடு, யாரு பாக்கப் போறா என்றார். திருட்டுத்தனமாக. பதினாறு வருஷம் காத்திருந்த வீச்சை, ஒரு ஊரே கை வைக்காமல் விட்டிருக்கிற நாளில், படகு மறைவில் நின்று திருட்டுத்தனமாக. பையைக் கவிழ்த்துக் கத்தரியை எடுத்தேன், நரம்பை நறுக்கி முள்ளைக் கழற்றினேன், இறாலோடு சேர்த்து உள்ளங்கையில் வைத்துப் பிரகாசியிடம் நீட்டினேன், வியாழக்கிழமை எனக்குத் தோள்ல ஆபரேஷன், அப்புறம் வீச முடியாது, முள்ளு இல்ல, வெறும் குண்டுதான், வீசட்டுமா. அவள் முள்ளை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள், எறிங்க யக்கா.

எறிந்தேன், நோட்டை எறிந்தேன், பென்சிலை எறிந்தேன், மற்றவர்கள் அனுப்பிய அத்தனை போட்டோவையும் எறிந்தேன், தோளுக்குள் ஏதோ கிழிகிற சத்தம் எனக்கே கேட்டது, சுண்டினாற்போல் தங்கூசி அறுந்தது, முனையில் தடித்த நரம்பு கட்டணும் என்று கடையில் அவ்வளவு சொன்னேன், நீ என்ன அவ்ளோ தூரமா எறியப் போற, மெலிசே போதும் என்று இவர் மிச்சம் பிடித்த நரம்பு, அறுந்த குண்டு தன்பாட்டுக்குப் போகிறது, முதல் அலை, இரண்டாம் அலை, மூன்றாம் அலை, வெயில் கண்ணைக் குத்துகிறது, விழுந்ததை நான் பார்க்கவில்லை, யம்மாடி என்று பிரகாசி வாயில் கை வைத்துக்கொண்டாள், இவர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், குண்டு போச்சே.

குண்டு போச்சே. ஆபரேஷன் மயக்கம் தெளியும்போது முதலில் காதில் விழுந்தது அதுதான், நர்ஸ் சொன்னதாக நினைத்தேன். ஐந்து மாசமாகிறது, குழுவில் இவர் புதுக் குறிப்புப் போட்டுவிட்டார், சவேரியார்துறை, ஞாயிறு தவிர்க்கவும், முப்பது பேர் கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறார்கள், இன்று நோட்டில் கன்னியாகுமரி, தை மாசம் போலாம்மா, நீ சும்மா உக்காந்து பாரு, நான் எறியறேன். அடுப்புத் துணியை வீசிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன், நோட்ட மூடுங்க. என்னம்மா. மூடுங்கன்னேன், நீங்க எறியறதுக்குத்தான் நான் இத்தன வருஷம் காத்துக்கிட்டு இருந்தேனா, என் தோள் நல்லா இருந்தப்ப எங்க வெச்சிருந்தீங்க இந்த தை மாசத்த. இவர் பென்சிலை எடுத்தார், பிறகு வைத்தார். பிரகாசி சொன்ன மாதிரி ஒரு திங்கட்கிழமை சவேரியார்துறை போக நானே டிக்கெட் எடுத்தேன், ஒரே டிக்கெட், பேனாவால் காலண்டரில் வட்டம் போட்டேன்.

யக்கா, வந்துட்டியளா, சொன்ன மாதிரியே திங்கக்கெழம வந்துட்டியளே என்கிறாள் பிரகாசி, முந்தானை முடிச்சிலிருந்து இல்லை, வீட்டு மாடத்திலிருந்து எடுத்து வருகிறாள் அந்த முள்ளை, துருப் பிடித்திருக்கிறது, மணலில் தேய்த்துக் கொடுக்கிறாள், படகெல்லாம் கடலுக்குள் போயிருக்கிறது, இறாலைக் கோக்கிறேன், இடது கையால் கம்பைப் பிடித்து, இடுப்பளவிலிருந்தே, அசிங்கமாக, கோணலாக வீசுகிறேன், பையில் போன் அடிக்கிறது, எந்த ட்ரெயின்ல போன, சீப்பா ஒண்ணு இருந்துச்சே என்றுதான் கேட்பார், எடுக்கவில்லை, குண்டு உயரவே இல்லை, முதல் அலைக்கு இப்பால், என் காலுக்குப் பத்தடியில், தொப்பென்று விழுந்தது, விழுந்ததை நான் பார்த்தேன்.