சமையல்காரரின் அண்ணன் எழுதினால் மட்டும்

கப்பலிலிருந்து தகவல் நின்றுபோன பிறகு, மாலுமிகளின் வீட்டார் சேர்ந்து இணையத்தில் ஒரு விவாத மன்றம் தொடங்கினார்கள். கப்பலில் சமையல்காரராக இருந்தவரின் அண்ணன்தான் அதை நடத்தினார். கம்பெனியோடு மல்லுக்கட்டுவதும் துறைமுக அலுவலகத்துக்கு அலைவதும் அவர்தான். மற்றவர்கள் அவர் எழுதுவதற்குக் கீழே மனதைக் கொட்டிவிட்டுப் போவார்கள்.

மகன் அந்தக் கப்பலில் போயிருந்த ஒரு மாமனாரின் போனில் மன்றத்தைப் போட்டுக் கொடுத்தவள் மருமகள். யார் எழுதினாலும் மணி அடிக்கும்படி வைத்தாள். லேத் பட்டறை இரைச்சலில் காது பாதி மந்தமானவர் என்பதால் சத்தத்தையும் உச்சத்தில் வைத்தாள்.

அதுவே வினையாகிவிட்டது. சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் மணி கேட்டதும் எழுந்து ஓடுவார். யாரோ தான் கண்ட கனவை எழுதியிருப்பார். யாரோ இருவரின் சண்டையாக இருக்கும். முகம் செத்துப்போய் வந்து உட்கார்வார், பிறகு சோறு இறங்காது. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் செட்டிங்ஸைத் திறந்து எல்லா அறிவிப்பையும் நிறுத்திவிட்டாள்.

சில நாள் கழித்து அவள் மருந்துக்கடை வேலை முடிந்து வந்தபோது, அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் நம்மளைக் கைகழுவிட்டாங்களோன்னு நெனச்சேன்மா. அப்புறம் போன்தான் கெட்டுப்போச்சுன்னு கடைக்கு எடுத்துட்டுப் போனேன். கோளாறு இல்லையாம். யாரோ நிறுத்தி வெச்சிருக்காங்களாம்."

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நான்தான் மாமா. நீங்க ஓடறதைப் பார்க்க முடியல."

"உன் போன்ல?"

"அதுலயும் நிறுத்திட்டேன். மணி அடிச்ச பதட்டத்துல ஒருத்தருக்கு மாத்திரையை மாத்திக் கொடுத்துட்டேன். நல்லவேளை, அவரே பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்."

அவர் திட்டவில்லை. "முழுசா அடைச்சிடாதேம்மா. அந்தச் சமையல்காரரோட அண்ணன் எழுதினா மட்டும் வரட்டும். அவர் வெறும் வாயை மெல்லற ஆள் இல்ல."

அப்படியே மாற்றி வைத்தாள். வீடு அடங்கியது. ஆனால் நிம்மதி என்று சொல்ல முடியாது. கொடியில் காயும் துணியை எடுக்கக்கூட ஒருவருக்கொருவர் நினைவுபடுத்தவில்லை.

ஒரு காலை, அவள் வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. கூடத்துக்கு வந்தாள். போன் மேஜைமேல் கிடந்தது. மாமா அதை எடுக்கவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"நீயே படிம்மா."

அவள் படித்தாள். கப்பலின் பெயர் எழுதிய உயிர்காப்புப் படகு கிடைத்துவிட்டது. உள்ளே யாரும் இல்லை. தேடுவதை நிறுத்திவிட்டார்கள். 'வேறு யார் வாயிலிருந்தும் நீங்கள் இதைக் கேட்கக் கூடாது என்றுதான் நானே எழுதுகிறேன்' என்று சமையல்காரரின் அண்ணன் முடித்திருந்தார்.

சீப்பு இன்னும் அவள் தலையிலேயே இருந்தது. மாமா அதை மெல்ல எடுத்து மேஜையில் வைத்தார். அவளைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

பிறகு கேட்டார். "அவர் தம்பியும் அதே கப்பல்தானேம்மா?"

"ஆமா மாமா."

"இதை எழுத அந்த மனுஷனுக்கு எப்படிக் கை வந்துது." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "நான் அவருக்கு ரெண்டு வார்த்தை எழுதணும்."

அதுவரை அவர் மன்றத்தில் எதுவும் எழுதியதில்லை. எழுத ஒரு பெயர் வேண்டும் என்றது செட்டிங்ஸ்.

"என்ன பேர் போட மாமா?"

"மத்தவங்க என்ன போட்டிருக்காங்க?"

"உறவைத்தான். சமையல்காரர் அண்ணன், எலெக்ட்ரீஷியன் சம்சாரம்னு."

கப்பல் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் ஆயிலர் வேலை அவர் மகனுக்கு. "ஆயிலர் அப்பான்னு போடு," என்றார்.

அவள் பெயரைச் சேமித்தாள். அவர் சொல்லச் சொல்லத் தட்டினாள்.

"தம்பி, பக்கத்துல துணைக்கு யாராவது இருக்காங்களா? தனியா இருக்காதீங்க."

அவ்வளவோடு முடிக்கச் சொன்னார். அதை அப்படியே அனுப்பினாள்.