மொட்டைக் கரும்பு

பொங்கலுக்கு முதல் நாள் காலையில் வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் லொறியின் பின்கதவைத் திறந்தபோது நீங்கள் என் புருஷன் பிறெடியைப் பார்த்திருக்க வேண்டும். கலியாணத்தன்றுகூட மனுஷன் அப்படி நிமிர்ந்து நின்றதில்லை. உள்ளே கட்டுக் கட்டாக, எல்லாம் ஒரே உயரத்தில், மொனராகலைக் கரும்பு. என் அக்கா மாக்ரெட்டின் புருஷன் குணபால அத்தான் விளைவித்தது.

அத்தானின் தகப்பனுக்குக் காணி கிடைத்த காலத்திலிருந்து அங்கே கரும்புதான். எதை நடுவது, எப்போது வெட்டுவது எல்லாம் சீனி ஆலை சொல்லும். ஆலையைத் தவிர வேறு யாருக்கும் அவர்கள் ஒரு தடி விற்றதில்லை. இப்போது ஆலையிலேயே சீனி போக வழியில்லாமல் அடுக்கிக் கிடக்க, அத்தானின் வெட்டுமுறை தள்ளிக்கொண்டே போனது. கப்பலில் வரும் சீனி மலிவு. அதைத் துறைமுகத்திலிருந்து புறக்கோட்டைக் கடைகளுக்கு ஏற்றுவதும் பிறெடியின் இதே லொறிதான். எங்கள் சோறே அதில்தான் வருகிறது. "கரும்புத் தூரெல்லாம் கிழடாப் போச்சு. இனிப் புதுசா நட மாட்டாராம், உழுது போட்டுக் கூலிக்குப் போகப் போறாராம்" என்று அக்கா போனில் அழுதாள். அதைக் கேட்டுத்தான் பிறெடி, பொங்கலுக்கு விற்றுத் தருகிறேன் என்று கிளம்பினார்.

முதலில் வந்தவர் என் மகளுக்குப் படிப்பித்த சரோஜினிதேவி டீச்சர். கரும்பின் மேல்பக்கத்தைப் பார்த்தார்.

"தம்பி, தோகை எங்க?"

"நல்லா சுத்தமா வெட்டினது, டீச்சர்."

"தோகையோட நிக்கிறதையெல்லோ பானைக்குப் பக்கத்தில கட்டுறது. நல்ல நாளும் அதுவுமா மொட்டையை எப்பிடி வீட்டுக்குக் கொண்டு போறது? வாற வருஷமாவது தோகையோட கொண்டு வாங்கோ."

ஆலைக்கு வெட்டும்போது நுனியைத் தட்டிவிட வேண்டும். அதில் இனிப்பில்லை, ஆலை கழித்துவிடும். அத்தானின் கை பழகிய பழக்கத்தில் தட்டிவிட்டிருக்கிறது. பிறெடியோ கொட்டாஞ்சேனையில் வருஷா வருஷம் அயல்வீட்டுப் பொங்கலைச் சாப்பிட்டதோடு சரி. பானைக்குப் பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பார்த்தவரா? நானும் பார்த்ததில்லை, ஆனால் அதை அப்போது சொல்லவில்லை.

வந்தவர்களெல்லாம் மேலே பார்த்துவிட்டுப் போனார்கள். மத்தியானம் ஆகியும் ஒரு கட்டுக்கூட அவிழவில்லை. வெட்டிய கரும்பு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு என்ன சொல்வது?

எதிரே கரும்புச் சாறு விற்கும் நபீஸ் நானா வேடிக்கை பார்க்க வந்தார். ஒன்றை முறித்துக் கடித்தார், சக்கையைத் துப்பினார், இன்னொரு கடி கடித்தார்.

"தோகைய வெட்டிக் கொட்டவே எனக்கு அரை நாள் போகுது. இது அப்படியே மெஷினுக்குள்ள போகும். எல்லாத்தையும் எறக்குங்க. மட்டக்குளியில, மருதானையில எங்கட ஆக்களும் சாறு வண்டி போடுறாங்க, பங்கு போட்டுக்குவோம். நோன்பும் வருது. கெழமைக்கு ஒருக்கா கொண்டுவர ஏலுமா?"

பிறெடியை முந்திக்கொண்டு நான் "ஏலும், ஏலும்" என்றேன். கண் கலங்கிவிட்டது.

உடனே அத்தானை வீடியோ கோலில் எடுத்தோம். பிறெடி சிங்களத்தில் எல்லாவற்றையும் கொட்டினார்.

"கெழமைக்கு ஒருக்காவா, மல்லி?" என்று அத்தான் பிறெடியைத் தம்பி முறை சொல்லிச் சிங்களத்தில் திருப்பிக் கேட்டார்.

"ஓம் அய்யே. வாற வருஷப் பொங்கலுக்குத் தோகையோடயும் கேக்கிறாங்க. நட மாட்டீங்களா?"

அத்தான் போனைப் பிடித்திருந்த அக்காவைப் பார்த்தார். பிறகு "ஐயோ, நுனி!" என்று கத்தினார். புதிதாக நட அந்த நுனித் துண்டுகள்தான் வேண்டும். இனி எதற்கு என்று அவ்வளவையும் காலையில் மாட்டுக்குப் போட்டிருக்கிறார்.

அத்தான் ஓட, அக்கா போனைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடினாள். திரையில் வானம், வேலி, அவள் செருப்பு எல்லாம் குலுங்கி வந்து, கடைசியில் மாட்டுக் கொட்டில் தெரிந்தது. குவியலில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. அத்தான் ஒரு நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அதன் தோகை மாட்டின் வாயில் இருந்தது. மாடு விடவில்லை. அத்தானும் விடவில்லை.